சிந்தும் ஒளியைச் சேர்த்துப் பிடித்தல்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் இயற்பியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சமன்பாடு எதுவும் எழுத மாட்டேன்" என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன். ஆகவே வணிகவியல் நண்பர்கள் எழுந்து போக வேண்டாம்.

நம் லேபில் ஒருநாள் எங்கள் சார் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றி, விளக்கை அணைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தார். வளைந்து விழுந்த தண்ணீரோடு வெளிச்சமும் வளைந்து வாளிக்குள் போனது. "வெளிச்சம் நேராத்தானே போகும்? இதென்னடா கூத்து?" என்று கேட்டார். முழு அக எதிரொளிப்பு! 1841-இல் டேனியல் கொலாடன் ஜெனீவாவில் செய்து காட்டிய சோதனை அது. அந்த ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், அதே தத்துவத்தை வைத்து அணுத்துகள்களின் தடத்தைப் பிடிக்கிறார்கள்.

அங்கே எல்.எச்.சி.பி. என்ற சோதனையில், 2022-இல் தொடங்கிய ஓட்டத்துக்காக, ஒளிரும் பிளாஸ்டிக் இழைகளால் ஒரு பெரிய கருவி செய்தார்கள். இழையின் தடிமன் கால் மில்லிமீட்டர், நீளம் 2.4 மீட்டர். எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினால் 10,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். துகள் ஓர் இழையைத் துளைத்தால் உள்ளே மினுக்கென்று ஒரு வெளிச்சம். சுமார் 400 ஒளித்துகள்கள், அதாவது ஃபோட்டான்கள்.

400 என்றால் தாராளம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. சாதாரண ஒற்றை உறை போட்ட இழையில் ஒரு நுனியை நோக்கிச் சிக்குவது 3 சதவீதம், அதாவது 12. வரும் வழியில் இழையே பாதியை விழுங்கிவிட்டால் 6. உணர்கருவி அதிலும் பாதிக்குக் குறைவாகத்தான் பிடிக்கும். மிஞ்சுவது இரண்டோ மூன்றோ! இதை வைத்துக்கொண்டு துகள் வந்ததா, இல்லை கருவியின் வெறும் இரைச்சலா என்று எப்படிச் சொல்வது? தவறவிட்ட துகள் திரும்பி வராது.

இதற்கு ஒரே ஒரு மந்திரம் கிடையாது. ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார்கள். இழையின் நடுப்பகுதி பாலிஸ்டைரீன்; ஒளிவிலகல் எண் 1.59. அதன்மேல் அக்ரிலிக் உறை, 1.49. அதற்கும் மேலே ஃபுளோரின் கலந்த இன்னொரு உறை, 1.42. இந்த இரண்டாவது தோலைப் போர்த்தியதும் 3 சதவீதம் 5.4 ஆனது. எதிர்ப்பக்கம் ஓடும் ஒளியைத் திருப்பியனுப்ப அந்த நுனியில் கண்ணாடி ஒட்டினார்கள். ஆறு அடுக்காக இழைகளைப் பாய்போல் அடுக்கினார்கள்; ஒரு துகள் பல இழைகளைத் தொட்டுத்தானே போக வேண்டும்? ஒற்றை ஃபோட்டானையும் உணரும் சிலிக்கான் கருவிகளை வைத்தார்கள். வெப்பத்தால் அவை பொய்த் துடிப்பு காட்டுமென்பதால் மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன லாபம். ஆனால் பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும் அதன் அருமை.

இப்போது என் கதை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு சிறு இழைக் கருவி கட்டினேன். வெளிச்சமே வரவில்லை. குழாயை மாற்றினேன், மின்னழுத்தத்தை ஏற்றினேன், மூன்று வாரம் போயிற்று. "வந்த இழையே மட்டம்" என்று முடிவுகட்டி, திருப்பியனுப்பக் கடிதமும் தட்டச்சு செய்துவிட்டேன். பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் கேட்டார்: "தம்பி, நுனியைப் பார்த்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நான் பிளேடால் நறுக்கிய முனைகள் உடைந்த வளையல் மாதிரி இருந்தன. உறை உரிந்து தொங்கியது. அன்று மாலை அவரே பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஈரமான உப்புத்தாளை விரித்து, சொரசொரப்பிலிருந்து மிருதுவானதுவரை ஒவ்வொன்றாகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். இழைக்கும் குழாய்க்கும் நடுவே காற்று நிற்காமல் ஒளிபுகும் கிரீஸ் ஒரு துளி வைத்தோம். ஆஸிலாஸ்கோப் திரையில் துடிப்பு மளமளவென்று உயர்ந்தது. கடிதத்தை நானே கிழித்துப் போட்டேன். பழி இழையின்மேல் இல்லை, என் கையின்மேல்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதே கல்லூரியில் நான் பிராக்டிகல் ரெக்கார்டைப் பக்கத்து நண்பனைப் பார்த்துக் காப்பியடித்தவன். அந்த மூன்று வாரம் அதற்குக் கட்டிய அபராதம் என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் ஜெனீவாதான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்க ஏறத்தாழ 400 ஒளிர்தகடுகள் பரப்பியிருக்கிறார்கள். தகட்டில் பள்ளம் வெட்டி, ஒளியின் நிறத்தை மாற்றிக் கடத்தும் இழையைப் புதைத்து வெளிச்சம் சேர்க்கும் முறையை அங்கேயே செய்து பார்த்தவர்கள் அவர்கள். தகடும் அங்கேயே தயாரானதுதான்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுச் சங்க நிதியில் இயற்பியல் லேபுக்கு ஒரு நல்ல மைக்ராஸ்கோப் வாங்குவோம். முதல் பங்கு என்னுடையது. மாணவர்களே, அதை பீரோவில் பூட்டி வைக்க விடாதீர்கள். கருவி வேலை செய்யாவிட்டால் முதலில் நுனியைப் பாருங்கள்.