நம் வட்டாரத் தொடக்கப் பள்ளிகள்: ஓர் ஒப்பீடு

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டு உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பள்ளி ஆசிரியனை மேடையேற்றினால் அவன் கணக்குப் போடாமல் இறங்கமாட்டான் என்பதை அறிந்தே அழைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மே மாதம் பிறந்துவிட்டால் நம் குடியிருப்புகளில், "எந்தப் பள்ளி நல்ல பள்ளி, ஐயா?" என்னும் கேள்வி எழுகின்றது. கேட்பவர் பெரும்பாலும் சுவரின் வண்ணத்தையும், வாசலில் வந்து நிற்கும் வேனையும், பிள்ளையின் கழுத்துப்பட்டையையும் கண்டு தமக்குள் விடையை எழுதிக்கொண்டே வருகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான் மனிதர் எடை போடுவர். ஆயினும் பள்ளியை எடை போட வேறு படிக்கற்கள் உள்ளன.

1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின்மீது பேசிய அண்ணல் அம்பேத்கர் அத்தகைய படிக்கல் ஒன்றை நமக்குத் தந்தார். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளுள் நான்காம் வகுப்பை எட்டுவோர் 18 பேர்தாம்; எஞ்சிய 82 பேரும் எழுத்தறியா நிலைக்கே திரும்புகின்றனர் என்று அவர் எடுத்துக்காட்டினார். எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதோடு நில்லாமல், எத்தனை பேர் நிலைத்தனர் என்று அவர் கேட்டார். நம் மாவட்டத்திற்கு அக்கேள்வி இன்றும் பொருந்தும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருக்க, கிருட்டிணகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 71 விழுக்காடாகவே இருந்தது. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரியும் தனி மாவட்டங்களாயின. பலகைகள் மாறிய வேகத்தில் பள்ளிகள் மாறிவிடவில்லை.

இனிக் கணக்கிற்கு வருகிறேன். பெயர் வேண்டா, ஒரே ஒன்றியத்தில் இரண்டு பள்ளிகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் 25 பிள்ளைகள். மற்றொன்றில் 125 பிள்ளைகள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 120 வரை நால்வர். அதற்குமேல் 200 வரை ஐவர். ஆகவே முதற் பள்ளிக்கு இருவர், இரண்டாம் பள்ளிக்கு ஐவர். விகிதத்தை மட்டும் பார்ப்பவர் முதற் பள்ளியையே மெச்சுவர். அங்கே 12 அல்லது 13 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், இங்கே 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் அல்லவா!

ஆனால் முதற் பள்ளியிலும் வகுப்புகள் ஐந்துதாம். இருவரும் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்திற்கோ சென்றுவிட்டால் மற்றவர் ஒன்றாம் வகுப்பிற்கு 'அ'னா எழுதிப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்பிற்குப் பின்னக் கணக்கு நடத்தவேண்டும். நான் ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிந்தவன். மாலையில் தொண்டை வறண்டு வீடு திரும்பும்போது, இன்று மூன்றாம் வகுப்பிற்கு என்ன நடத்தினோம் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்றும் நினைவிற்கு வாராத நாள்கள் உண்டு. இரண்டாம் பள்ளியிலோ வகுப்பிற்கு ஓர் ஆசிரியர் நிற்கிறார். ஆதலால் ஒரு பள்ளியைப் பார்க்கச் செல்பவர் முதலில் கேட்கவேண்டியது, வகுப்புகள் எத்தனை, அவற்றிற்கு ஆசிரியர் எத்தனை என்பதே.

இந்த ஆசிரியர் எண்ணிக்கை ஒவ்வோராண்டும் ஆகஸ்ட் முதல் நாள் நிலவரப்படி உறுதி செய்யப்படுகின்றது. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் 'உபரி' எனப்பட்ட ஆசிரியர் பணி நிரவலில் வேறிடம் அனுப்பப்படுகிறார். 65 பிள்ளைகள் உள்ள பள்ளியிலிருந்து பத்துப் பேர் வேனில் ஏறினால் எஞ்சுவோர் 55 பேர். மூன்று ஆசிரியர் இருவராவர். சென்றவர் பதின்மர், ஆசிரியரை இழந்தவர் ஐம்பத்தைவர். அந்த 55 பேர் யாருடைய பிள்ளைகள்? கல் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் ரோசாத் தோட்டத்திற்கும் விடியலில் புறப்படுவோரின் பிள்ளைகள். 1970-களில் ஓசூருக்குச் சிப்காட் வந்தபின் நிலையான வேலை பெற்ற குடும்பங்கள் சில நம்மிடையே உள்ளன. வேனில் ஏறுவன பெரிதும் அவர்களுடைய பிள்ளைகளே. பள்ளிக்குச் சென்று கேள்வி கேட்கக்கூடிய பெற்றோரும் அவர்களே.

எல்லாப் பள்ளிகளையும் ஒரே தட்டில் வைத்தல் அறமாகாது. ஓசூர் நகரப் பள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைகளும் அமர்ந்துள்ளனர். நம்முள்ளும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர் பலர். அப்பிள்ளை தமிழ்ப் பாடத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தால் அதைப் பள்ளியின் குறையாக எழுதிவிடக்கூடாது. இரு மொழியும் அறிந்த ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். தளி, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களிலோ இடர் வேறு. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்பது விதி; ஆயின் அந்த ஒரு கிலோமீட்டரில் யானை நடமாடினால் வருகைப் பதிவேடு என்ன செய்யும்?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். ஊர்ப் பள்ளிகள் நம்மைச் சேர்க்க மறுத்த காலத்தில், தொழிலாளர் துறையின் கீழ் நமக்கென எழுந்த பள்ளிகளின் வழிவந்தவை அவை. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-இல் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தபோது நம்மிடையே இரு கருத்துகள் எழுந்தன. எந்தத் துறையின் பலகை தொங்கினாலும், காலிப் பணியிடம் நிரம்பியதா என்பதே என் கேள்வி. மற்றொன்றும் பார்க்கவேண்டும்: ஊர்ப் பொதுப் பள்ளிகளில் நம் பிள்ளை எந்த வரிசையில் அமர்கிறது, நம் பெண்மணி சமைத்த சோற்றை எல்லாப் பிள்ளைகளும் உண்கின்றனரா என்பது. 2018-இல் அவிநாசிக்கு அருகில் சத்துணவுக் கூடத்தில் இதுவே வழக்காயிற்று. தேர்ச்சி விழுக்காட்டில் இவை தென்படா.

இனி, கூற வேண்டுமா என்று நான் பன்முறை எண்ணிய செய்தி ஒன்று. வெள்ளி விழாவின் நினைவாக ஆங்கில வழி மழலையர் பள்ளி ஒன்றைக் கழகமே தொடங்கவேண்டும் என்னும் கருத்து பொறுப்பாளர்களிடையே நிலவுகின்றது. அவர்களுடைய நன்னோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் என் கருத்து வேறு. நம் கட்டடத்தை அடுத்துள்ள ஒன்றியப் பள்ளி மூன்றாம் ஆசிரியருக்கான எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கின்றது. நாம் தொடங்கும் பள்ளிக்கு முதலாண்டில் இருபது பிள்ளைகள் வந்தாலே போதும். அங்கே ஓராசிரியர் போய்விடுவார். ஆங்கிலம் வேண்டும் என்போர்க்கு, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டு வந்துள்ளன. காலை உணவும் உண்டு: 2022-இல் தொடங்கி 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆறு மணிக்கு வேலைக்குச் செல்லும் தாய்க்கு அதன் அருமை தெரியும். நம் கழகத்தால் அந்த உணவைக் கொடுக்க இயலுமா?

ஆகவே, பள்ளிக்கென ஒதுக்க எண்ணிய தொகையை மாலை நேரப் படிப்பகத்திற்குத் திருப்புமாறு வேண்டுகிறேன். சூலைத் திங்களில் நம் இளைஞர் இருவர் இருவராகச் சென்று, ஐந்து அகவை நிறைந்தும் பள்ளியில் சேராத பிள்ளைகளையும், இடையில் நின்றவர்களையும் எழுதி வரட்டும். ஆகஸ்ட் முதல் நாளுக்குள் அவர்களைச் சேர்த்துவிட்டால் மூன்றாம் ஆசிரியர் நமக்கே நிலைப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அக்குழுவில் நம் தாய்மார் கையெழுத்திடுவதோடு நில்லாமல், கூட்டத்தில் அமர்ந்து ஆசிரியர் எண்ணிக்கையைக் கேட்கட்டும்.

கணக்கெடுப்பிற்கான படிவம் ஒன்றை நானே எழுதிக் கொண்டுவந்துள்ளேன்; ஒரு பக்கம்தான். உடன்வர விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கழகக் கட்டடத்தில் காத்திருப்பேன்.