நோயுற்ற நாளில் நோன்பும் உணவும்

(கொற்கைக்கு வந்திருந்த யாத்திரைக் குழுவினரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கழுகுமலைப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளையும், குரத்தியர் பெயர் தாங்கிய கல்வெட்டுகளையும் கண்டு வணங்கிவிட்டுக் கொற்கைக்கு வந்திருக்கும் அன்பர்கள் இங்கே கடலைத் தேடியிருப்பார்கள். பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய இவ்வூரைவிட்டுக் கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. தண்பொருநை கொணர்ந்த வண்டல் துறையை மூடியது. இன்று இவ்வூரைச் சூழ்ந்து நெல்லும் வாழையும் விளைகின்றன. இந்த ஆற்றங்கரையின் அடுக்களையில் நோயாளிக்கு ஏற்ற உணவுகள் சில உண்டு. அவற்றைச் சொல்வதற்கு முன், பல இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு செய்தியைப் பேசியாக வேண்டும்.

ஓர் இல்லத்தில் தாய்க்குப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிவிட்டார். முதலில் எழும் கேள்வி, 'தலைமுறை தலைமுறையாகப் புலால் தொடாத குடும்பத்தில் இது எப்படி வந்தது?' என்பது. அடுத்து வருவது வெட்கம். உறவினர்க்குச் சொல்வதில்லை, திருமணப் பேச்சு நடக்கும் பெண் வீட்டில் இருந்தால் அறவே சொல்வதில்லை. தசலட்சண பர்வம் நெருங்குகிறது. ஆண்டுதோறும் உபவாசம் இருந்த அந்தத் தாய், மருந்து ஏறிக்கொண்டிருக்கும் இந்த ஆண்டிலும் இருப்பேன் என்கிறார். 'வினை கழியட்டும்' என்பது அவர் சொல்லும் காரணம். தடுத்தால் பாவம் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

முதற்கேள்விக்கு விடை எளிது. உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. ஆகவே புலால் மறுத்தல் ஒரு காப்பு என்பது மெய். ஆனால் அது முழுக் கவசம் அன்று. முதுமை, மரபு, காரணம் அறியாத உயிரணு மாற்றம் எனப் பல வழிகளில் இந்நோய் வருகிறது. மரக்கறி உண்பவர்க்கும் வரும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. (பாக்கை மட்டும் மென்றாலும், புகையிலை சேராவிட்டாலும், வாய்ப்புற்று வரக்கூடும் என்பதை அதே முகமை முன்னரே உறுதி செய்துள்ளது. புலால் தொடாத வாய் பாக்கை விடாமல் மெல்வதைப் பற்றி விழாப் பந்திகளில் யாரும் பேசுவதில்லை.)

நோன்பைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லத் தகுந்தவர் சமந்தபத்திர ஆசாரியர். அருங்கலச்செப்பை ஓதுவோர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டகத்தின் வழிவந்த தமிழ் நூல் அது. துறவியாக இருந்தபோது அவருக்குப் பஸ்மகம் என்னும் பெருநோய் கண்டது என்று மரபு கூறும். எவ்வளவு உண்டாலும் எரிந்து போகும் பசி அது. துறவியின் உணவு நெறியால் அதைத் தணிக்க இயலாது. அவர் தம் குருவிடம் சென்று, உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனைக்கு இசைவு கேட்டார். குரு இசையவில்லை. 'உனக்கு ஆயுள் உண்டு. உன்னால் அறத்துக்கு ஆகவேண்டிய பணியும் உண்டு. துறவுக் கோலத்தை நீக்கி, வேண்டிய உணவை உண்டு நோயைத் தீர்த்துக்கொண்டு, பிறகு மீண்டும் தீட்சை பெறுக' என்னும் கருத்துப்படப் பணித்தார். சமந்தபத்திரர் அவ்வாறே செய்தார். நோய் தீர்ந்தபின் மீண்டும் துறவு மேற்கொண்டார்.

துறவியின் மாவிரதத்தையே நோயின் பொருட்டுத் தள்ளிவைக்கச் சொன்ன குரு இருந்த மரபு இது. இல்லறத்துத் தாய் ஒருவரின் பத்துநாள் உபவாசத்தைத் தள்ளிவைப்பதில் என்ன பிழை வந்துவிடும்? சல்லேகனையைக் கூறுமிடத்திலும் சமந்தபத்திரர், மாற்று இல்லாத நிலையில்தான் அதற்கு இடம் தருகிறார். மருந்து இருக்கும் நோய்க்கு அவ்விதி பொருந்தாது. தவம் பன்னிரண்டில் உபவாசம் ஒன்றே ஒன்று. நூல் ஓதுதலும் தியானமும் தவம்தான். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியமும் அகத்தவங்களுள் எண்ணப்படுவது. தாய் நூலோதித் தவம் செய்யட்டும். அவருக்கு வேளைதோறும் சோறு பிசைந்து ஊட்டும் மருமகளும் அதே பத்து நாளில் தவமே செய்கிறாள்.

மருந்து ஏறும் காலத்தில் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. எடை குறையக் குறைய மருந்தைத் தாங்கும் வலிமையும் குறைகிறது. நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது மருத்துவ உணவியலார் வகுத்த அளவு. 50 கிலோ எடையுள்ளவர்க்கு 50 முதல் 75 கிராம். இரசஞ்சோறும் கஞ்சியும் மட்டும் கொடுத்துப் 'பத்தியம்' என்று பெயரிட்டால் இந்த அளவு தேறாது. சிறுநீரகக் கோளாறு உடையவர்க்கு மட்டும் அளவு வேறு. அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இங்கேதான் நெல்லைச் சீமையின் அடுக்களை உதவிக்கு வருகிறது. தோலுடன் கூடிய உளுந்தையும் அரிசியையும் வெந்தயமும் தேங்காயும் சேர்த்து வேகவைப்பது உளுந்தஞ்சோறு. துணைக்கு எள்ளுத் துவையல். 100 கிராம் உளுந்தில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஊரார் பூண்டு சேர்ப்பார்கள்; அதை விட்டாலும் சுவை கெடாது, சற்றே பெருங்காயம் போதும். வாய் புண்ணாகிக் காரமும் புளியும் எரியும் நாளில் சொதி நல்லது. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் அதன் உயிர். உருளைக்கிழங்குக்கு மாற்றாக முருங்கைக்காயும் பூசணியும் இடலாம். பச்சை மிளகாயையும் எலுமிச்சைச் சாற்றையும் புண் ஆறும்வரை நீக்கிவிடலாம். குமட்டலுக்குப் பச்சை இஞ்சி தேடவேண்டியதில்லை, விலக்கில்லாத சுக்கு இருக்கிறது. தேனுக்கு மாற்றாகக் கருப்பட்டி. நீரிழிவு உடையவர்க்கு அதுவும் வேண்டாம். பாலும் தயிரும் கொள்வோர்க்குக் கவலை குறைவு. அவற்றையும் விட்டவர்கள் பி12 உயிர்ச்சத்தை மாத்திரையாகப் பெறவேண்டும். எந்தக் கீரையும் அதைத் தராது.

பொழுது சாய்ந்தபின் உண்ணாமை இடையூறாகுமோ என்று சிலர் கேட்பதுண்டு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுகச் சிறுக உண்டால் ஏழு வேளை ஆகிறது. குமட்டல் உள்ளவர்க்கு மருத்துவரும் அவ்வாறே சிறுகச் சிறுக உண்ணச் சொல்வர். நீரைக் காய்ச்சி வடித்துப் பருகுதல், பழையது உண்ணாமை, அன்றன்று சமைத்தல் ஆகிய குலவழக்கங்கள் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் தொற்றைத் தவிர்க்க உதவுகின்றன. ஆயினும் இரவில் உணவோடு கொள்ளவேண்டிய மாத்திரையை மருத்துவர் எழுதியிருந்தால் இரவிலேயே கொள்ள வேண்டும். நேரத்தை மாற்ற இயலுமா என்று கேட்கலாம்; கேளாமல் விட்டுவிடுதல் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உணவு இந்நோயைத் தீர்க்காது. இலைச்சாறும் மஞ்சள் குளிகையும் நோயை ஓட்டும் என்று சொல்வோர் எங்கும் இருக்கிறார்கள். சமையலில் இடும் மஞ்சளால் தீங்கில்லை. குளிகையாகப் பெருமளவில் கொண்டால் மருந்தோடு மோதக்கூடும். அருகன் நெறி, தானங்களை எண்ணும்போது உணவையும் மருந்தையும் தனித்தனியே வைத்தது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பும் என்று அது சொல்லவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரிலிருந்து எழுந்தது அடையாறு புற்றுநோய் நிலையம். 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்த நிலையத்தையே தம் வாழ்வாகக் கொண்டார். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம் என்பதை ஓயாமல் சொல்லிவந்தவர் அவர். மறைத்து வைக்கும் குடும்பங்கள் இழப்பது அந்தத் தொடக்க காலத்தைத்தான்.

வீட்டில் செய்யத்தக்கவை சில. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தல். வெந்நீரை ஆறவைத்து, உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்து, உண்டபின் வாய் கொப்பளித்தல். இயன்றவரை காலையும் மாலையும் நடத்தல். மருந்து ஏறும் காலத்தில் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால், இரவானாலும் விழாநாளானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல்.

வரும் தசலட்சண பர்வத்தில் அந்தத் தாய் காலையில் உளுந்தஞ்சோறு உண்டபின் அருங்கலச்செப்பைத் திறக்கட்டும். கண் தளர்ந்திருந்தால் பேரப்பிள்ளை படிக்கட்டும். உபவாசம் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கும். மருத்துவர் இசைவு தந்தபின், முதலில் ஒருவேளையாகத் தொடங்கலாம்.