மலையின் இருபுறமும் ஒரு பாதை

அவையோரே, செங்கோட்டையில் புறப்பட்டு ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியே கொல்லத்தை அடையும் ரயில்பாதையின் வரலாற்றை, மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறத்தாரும் ஒரே வீட்டின் இரு கட்டுகளில் வாழ்வோரைப் போல உறவாடிய வரலாறாகவே கொள்ள வேண்டும். 1904இல் இப்பாதை திறக்கப்பட்டபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊராக இருந்தது; கொல்லம் துறைமுகத்தை நெல்லைச் சீமையின் சந்தைகளோடு இணைக்கும் வணிகத் தேவையே சமஸ்தானத்தையும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியையும் இப்பணியில் கூட்டியது. மலைப்பகுதி முடிவதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூனில், கொல்லம்–புனலூர் பகுதியில் வண்டி ஓடத் தொடங்கியது. தரைவழி இணைப்பு இன்மையால் அதற்கான எஞ்சின் கடல்வழியே கொல்லத்துக்கு வந்து சேர்ந்தது. நவம்பரில் மலைவழியும் திறந்தது.

இருதண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் மட்டுமே கொண்ட மீட்டர் கேஜ் பாதையாக அது அமைந்தமைக்குக் காரணம் உண்டு. அகலம் குறைந்த பாதை கூர்மையான வளைவுகளிலும் திரும்பும் என்பதால், மலையை மிகுதியாக வெட்டாமல் அதன் இடுப்பைச் சுற்றியே ஏற முடிந்தது. ஏற்றத்தில் ஓர் எஞ்சினின் வலு போதாமல், பின்னாலிருந்து தள்ளுவதற்கென ‘பேங்கர்’ எனப்படும் துணை எஞ்சின் கோக்கப்பட்டது. கழுதுருட்டியில் ஆற்றையும் சாலையையும் ஒட்டி நிற்கும் பதின்மூன்று கண் பாலம் கருங்கல்லால் எழுந்தது. அதன் வளைவு ஒவ்வொன்றிலும், அண்டைக் கல்லோடு இறுகப் பொருந்தும்படி ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அக்கல்லைக் கொத்திய கைகளுக்கு உரியோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை என்பது பெருங்குறையாகும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. அன்றுமுதல் பகவதிபுரத்தை அடுத்த மலைக்குகைக்குள் தமிழகத்தில் நுழையும் வண்டி கேரளத்தில் வெளிப்படலாயிற்று. எல்லை மாறியபோதும் பாதையால் விளைந்த கொள்வினை கொடுப்பினை அறுபடவில்லை.

அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக 2010இல் புனலூர்–செங்கோட்டைப் பகுதி மூடப்பட்டது. ஏறத்தாழ எட்டாண்டுகள் மலைவழியில் ரயில் இல்லை. இருபுறத்து ஏழை மக்கள் பேருந்தையே நம்பிய அக்காலம், இத்தடம் யாருக்கு உயிர்நாடி என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டது. 2018இல் பாதை மீண்டும் முழுமையாகத் திறந்தபோது பழைய கற்பாலம் இடிக்கப்படாமல் காக்கப்பட்டது மிகச் சரியான முடிவாகும்.

மீட்டர் பாதையில் உழைத்த எஞ்சின் ஓட்டுநர், தண்டவாளம் பேணிய கேங்மேன் ஆகியோருள் இன்றும் வாழ்வோர் உளர். அவர்களின் நினைவுகளை அவர்தம் சொற்களிலேயே, தமிழிலும் மலையாளத்திலும், பதிவு செய்யும் பணியை இவ்வவை இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும்.