கடைக்குப் பங்காளி ஆகுமுன்

(அறக்கட்டளையின் விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் பங்கு வெளியீட்டைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். வணிகம் உங்களுக்குக் கைவந்த கலை. எனக்கோ அது கேள்வி ஞானம். ஆயினும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி என்னை மீண்டும் மாணவனாக்கியது. அன்று நான் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

2023 செப்டம்பர் மாதம். மாப்பிள்ளையூரணியில் என் வீட்டுத் திண்ணையில் அவள் வந்து அமர்ந்தாள். தூத்துக்குடி நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் பணிபுரிபவள். “ஐயா, காஞ்சிபுரம் வரமகாலட்சுமி கடை வச்சிருக்கிற கம்பெனி பங்கு விக்கிறாங்களாம். கூட வேலை செய்றவங்க எல்லாரும் போடுறாங்க. என்கிட்ட பதினஞ்சாயிரம் இருக்கு. போடலாமா?” என்றாள்.

அந்தப் பதினைந்தாயிரம் எதற்கு வைத்திருந்த பணம் என்று கேட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணம் என்றாள். கட்ட வேண்டிய கடைசி நாளுக்குப் பத்து நாள்களே இருந்தன. “அதுக்குள்ள லாபத்தோட எடுத்துரலாம்னு சொல்றாங்க ஐயா.”

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் வரச் சொன்னேன்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். பங்கு என்றதும் தூத்துக்குடிக்காரன் நினைவில் எழுவது ஒன்றே. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்த 25 ரூபாயைக் கொடுத்தவருக்குத் தம் பணம் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரியும். அது கப்பலாக வரும். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிரில் நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. உயர்ந்த நோக்கமும் மாசற்ற தலைமையும் இருந்தும் பங்குப் பணம் கடலோடு போனதுண்டு என்பதற்கு நம் ஊரே சான்று.

இந்த நினைவிலிருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிட்டியது. நான் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? அது மூழ்கினால் என் வீடு தாங்குமா? இம்மூன்று கேள்விகளோடு அந்நிறுவனத்தின் வெளியீட்டு அறிக்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

நிறுவனத்தின் பெயர் சாய் சில்க்ஸ் (கலாமந்திர்). ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. திரட்ட எண்ணியது ஏறத்தாழ 1,201 கோடி ரூபாய். அதில் 600 கோடி புதிய பங்குகள். அந்தப் பணம் நிறுவனத்தின் கல்லாவுக்கு வரும். எஞ்சிய 601 கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தம் பங்கின் ஒரு பகுதியை விற்பது. அந்தப் பணம் அவர்களுடைய பைக்குப் போகும். கடைக்கு அதில் ஒரு காசும் வராது.

இந்த வேறுபாடு அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பின் மற்ற ஆடை நிறுவனங்களின் வெளியீடுகளையும் பார்த்தேன். சென்னையிலிருந்து மகளிர் லெக்கிங்ஸ், சுடிதார் முதலியவற்றை விற்கும் ‘கோ கலர்ஸ்’ 2021 நவம்பரில் ஏறத்தாழ 1,013 கோடி திரட்டியது. அதில் நிறுவனத்திற்கு வந்தது 125 கோடி மட்டுமே. ‘மான்யவர்’ மணமகன் உடைகளை விற்கும் கொல்கத்தாவின் வேதாந்த் ஃபேஷன்ஸ் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட 3,149 கோடி முழுவதும் பழைய பங்குதாரர் விற்றதே. புதிய பங்கு ஒன்றுகூட இல்லை.

இதில் குற்றம் ஏதுமில்லை. வளர்த்தவர் தம் உழைப்பின் பயனை எடுத்துக்கொள்வது முறையே. சட்டமும் அதை மறைக்கச் சொல்லவில்லை, அறிக்கையின் முகப்பிலேயே எழுதச் சொல்கிறது. ஆனால் “கடை வளரப் பணம் கொடுக்கிறோம்” என்று நினைத்துக் கொடுப்பவர், உண்மையில் ஒருவரிடமிருந்து பழைய பங்கை வாங்குகிறார் என்பதை அறிந்து வாங்க வேண்டும் அல்லவா?

மறுநாள் அவள் வந்தாள். அடுத்த கேள்விக்குப் போனோம். சாய் சில்க்ஸின் 600 கோடியில் 30 புதிய கடைகளுக்கு 125 கோடியளவு, இரண்டு சேமிப்புக் கிடங்குகளுக்கு 25 கோடியளவு, கடன் அடைக்க 50 கோடி. எல்லாவற்றிலும் பெரிய தொகை, 280 கோடியளவு, நடைமுறை மூலதனத்திற்கு. “நடைமுறை மூலதனம் என்றால் என்ன ஐயா?” என்றாள். பெரும்பாலும் சரக்கு வாங்கி அடுக்குவதற்கான பணம் என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “அப்போ எல்லாம் சரக்குலதான் ஐயா இருக்கு. எங்க கடையிலேயும் அதுதான். ஃபேன்சி ரகம் தீபாவளிக்குள்ள போகலன்னா அப்புறம் ஆடித் தள்ளுபடிக்குத்தான். அலமாரியில இருக்கிறது பணமா, துணியான்னு அன்னிக்குத்தான் தெரியும்.”

அவையோரே! பக்கம் பக்கமாக நான் படித்த அறிக்கையில் தேடிக் காண முடியாத தெளிவு அந்தச் சொல்லில் இருந்தது. அரிசி விலை இறங்கினாலும் அரிசி அரிசியே. ஆடையோ மக்களின் மனம் மாறிய அன்றே பாதி விலையாகிறது. கடைகள் பெருகப் பெருக அலமாரிகளும் பெருகும். விற்காத துணியின் சுமையும் பெருகும். ஆடைக் கடைக்குப் பங்காளியாகிறவர் அந்த அலமாரிக்கும் பங்காளி.

மூன்றாம் கேள்வியை அவளே கேட்டுக்கொண்டாள். பங்கு ஒன்று அதிக அளவாக 222 ரூபாய். குறைந்தது 67 பங்குகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆக 14,874 ரூபாய். விண்ணப்பித்த தொகை வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டுமே கழிக்கப்படும். ஒதுக்கப்பட்ட பின் விலை இறங்கினால், கட்டண நாளன்று நட்டத்திற்கு விற்க வேண்டும். இல்லையேல் கடன் வாங்க வேண்டும். “வேண்டாம் ஐயா” என்று எழுந்து போனாள்.

பின் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 27 அன்று அந்தப் பங்கு சந்தைக்கு வந்தபோது 230 ரூபாயை ஒட்டித் தொடங்கியது. அவள் வாங்கி அக்கணமே விற்றிருந்தால் ஐந்நூறு ரூபாயளவு கிடைத்திருக்கும். அன்று மாலை தொலைபேசியில், “விட்டுட்டோமே ஐயா” என்றாள். எனக்கும் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டில் அதே பங்கு 222க்குக் கீழே இறங்கியதையும் பார்த்தேன். அதை அவளுக்குச் சொல்லி வெற்றி கொண்டாடவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவள் முடிவு சரியான முடிவே. ஏனெனில் அது மகளின் கட்டணப் பணம்.

முதல்நாள் விலை நமக்கு ஆசான் அன்று. கோ கலர்ஸுக்கு மொத்தத்தில் 135 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 690 ரூபாய்ப் பங்கு முதல் நாளில் 1,300ஐத் தாண்டித் தொடங்கியது. அந்த ஆரவாரத்தில் சந்தையில் வாங்கியவர்கள், பின்னாளில் விலை வெகுவாகத் தாழ்ந்ததைக் கண்டார்கள்.

பங்கு வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் ஊரில் 1921இல் தோன்றிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியே 2022இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. பலர் சிறு தொகை சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நல்ல ஏற்பாடு. பொருளுக்கு வரையறை வகுத்துக்கொள்ளும் நெறியைப் போற்றும் இந்த அவையில் நான் வேண்டுவது, ஆசைக்கும் அதே வரையறை வேண்டும் என்பதே. கட்டணப் பணம், மருந்துப் பணம், அடகு வைத்த நகையின் பணம் ஆகிய மூன்றும் சந்தையின் வாயிலை மிதிக்க வேண்டாம். உங்கள் கடையில் பணிபுரியும் ஒருவர் இப்படியொரு கேள்வியோடு வந்தால், “போடு” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அறிக்கையை எடுத்து அவரோடு ஐந்து நிமிடம் அமருங்கள். அலமாரியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் பயன்படும்.

அவளுடைய மகளின் கட்டணம் கடைசி நாளுக்கு முன்பே கட்டப்பட்டது. ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள். அன்று நான் பார்த்த கணக்குகளிலெல்லாம் எனக்கு நிறைவளித்தது அந்த ஒரு தாளே.