விண்டோஸ் எங்கயும் போகல

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்குத் தங்கச்சி போன் பண்ணா. "அண்ணா, ஆர்ச் லினக்ஸ் போட்டேன், விண்டோஸைக் காணோம். காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ, ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு." அழுகை வேற.

"எதையும் ஃபார்மட் பண்ணாத, ரீஸ்டார்ட் பண்ணி எஃப்12 தட்டு"ன்னேன். (அவ லேப்டாப்ல எஃப்12, உங்களுக்கு வேற கீயா இருக்கலாம்.) அந்த லிஸ்ட்ல விண்டோஸ் பூட் மேனேஜர் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரிக்கு அது போதும், வேலையைப் பார்க்கச் சொல்லிட்டேன்.

விஷயம் என்னன்னா, 2021-ல வந்த க்ரப் 2.06-லேர்ந்து மத்த ஓஎஸ்களைத் தேடுற ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்புக்காக டீஃபால்ட்டா அணைச்சு வச்சிருக்காங்க. அதனால மெனுவுல மட்டும்தான் விண்டோஸ் இல்ல. டிஸ்க்ல பத்திரமா இருக்கு.

மறுநாள் சாயங்காலம் ஓஎஸ்-ப்ரோபர் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணோம். ஈடிசி, டீஃபால்ட், க்ரப் ஃபைல்ல 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர் = ஃபால்ஸ்'னு ஒரு வரி இருக்கும், அதுக்கு முன்னாடி இருந்த ஹேஷை எடுத்தோம். அப்புறம் க்ரப்-எம்கேகான்ஃபிக் ஓட்டணும். இதை மறந்துட்டு "ஒண்ணும் மாறலையே"ன்னு நானே ஒரு காலத்துல முழிச்சிருக்கேன்.

பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, க்ரப் வழியா விண்டோஸுக்குள்ள போறப்ப ரெகவரி கீ கேட்கலாம். அதை அதே லேப்டாப்ல சேவ் பண்ணி வைக்காதீங்க. தங்கச்சி அப்படித்தான் வச்சிருந்தா.