தப்பிருந்தால் திருத்துங்கள்



இத்தனை வருஷம் கழித்து ஓர் உண்மையைச் சொல்லிடறேன். ரெக்கார்ட் நோட்டை சீனியரைப் பார்த்துக் காப்பி அடித்தவன் நான். அவர் போட்ட தப்பும் அப்படியே என் நோட்டில் இருந்தது!

1995-ல் அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம் 'விக்கி' முறையை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள். எவரும் எழுதலாம், திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும். கெடுத்தாலும் பழைய பக்கத்தை மீட்கலாம். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இப்படித்தான் வளர்கிறது.

சனிக்கிழமைகளில் நான் போகும் ஒரு பள்ளி நூலகத்தில், இணையம் இல்லாத கணினியிலேயே விக்கி வைத்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஊர் ஏரிக்கு மூன்று மதகு என்று எழுதினாள். ஒரு பையன் நான்கு என்று திருத்தினான். சண்டை! கரைக்கே போய் எண்ணினார்கள். நான்குதான், ஒன்று தூர்ந்து கிடந்தது. காப்பி அடித்திருந்தால் கரைக்குப் போயிருப்பார்களா?

நம் நூலக அலமாரியில் பைண்டு செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் தூங்குகின்றன. அவற்றை விக்கியில் ஏற்றுவோம். முதல் பக்கம் என்னுடையது. தப்பிருந்தால் திருத்துங்க தம்பிகளா; கோபிக்க மாட்டேன்.