இருதயத்தின் ஒரு மூலை



பதினோராண்டுகளுக்கு முன்னர் ஒரு வைகறைப் பொழுது. சுபஹுத் தொழுகைக்கு எழுந்த என் தந்தையார், ஒளுச் செய்வதற்காகச் செம்பைக் கையில் எடுத்தார். எடுத்த கை தாழ்ந்தது, செம்பு விழுந்தது, வாய் ஒரு புறம் கோணியது. "வாப்பா, என்ன செய்கிறது?" என்று கேட்டேன். விடை கூற அவரால் இயலவில்லை. அன்று பற்றிய பாரிசவாதம் அவரை நான்காண்டுகள் பாயிற் கிடத்திற்று.

அதற்கு முந்திய ஓராண்டாக, நெஞ்சுக்குள்ளே ஏதோ படபடக்கிறது என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. முதுமைத் தளர்ச்சி என்று நாங்கள் பொருட்படுத்தாதிருந்தோம். பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் எனக்கும் அவருடைய நாடியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் குறையே இன்று என்னைப் பேசத் தூண்டுகின்றது.

நலமுள்ள இருதயம் ஓய்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை ஒழுங்காகத் துடிக்கும். சிலருக்கு, முதுமையிற் பெரும்பாலும், இருதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாது வெறுமனே நடுங்குகின்றன. நாடி தாளந் தப்புகின்றது. இந்நோயுடையோருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் நடந்த ஆய்வு 1991இல் எடுத்துக்காட்டியது.

காரணம் யாது? எங்கள் நற்பிட்டிமுனை வயல் வாய்க்காலை நோக்குங்கள். ஓடும் நீர் தெளிந்திருக்கும். ஒதுக்குப்புறக் குழியிலே தேங்கும் நீரிற் பாசி படரும். இருதயத்தின் இடது மேலறையிலும் காதுமடல் போன்ற சிறு பையொன்று உண்டு. அறை நடுங்கும்போது அதனுட் குருதி தேங்கி உறைகின்றது. உறைந்த கட்டி பெயர்ந்து மூளையின் குழாயை அடைத்தால், கையும் காலும் நாவும் ஒரு கணத்தில் அடங்கிவிடுகின்றன. வால்வு நோயில்லாதவர்களிடத்தே இத்தகைய கட்டிகளுள் பத்தில் ஒன்பது அப்பையிலேயே காணப்படுகின்றன.

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளே இதற்கு முதற் காப்பு. வாபரின் என்னும் மருந்து இவ்வகைப் பாரிசவாதத்தை மூன்றில் இரண்டு பங்களவு குறைக்கும். ஆயினும், குடலிலோ மூளையிலோ குருதி கசியும் சிலர் அதனை நெடுங்காலம் உட்கொள்ளல் இயலாது. அவர்களுக்கென எழுந்ததே நெஞ்சைப் பிளவாத புதிய சிகிச்சை.

1929இல் வேர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் ஜெர்மானிய வைத்தியர், தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தம் இருதயத்துள்ளேயே செலுத்தினார். அன்று ஏளனஞ் செய்த உலகம் 1956இல் அவருக்கு நோபல் பரிசை அளித்தது. அவர் காட்டிய பாதையிலேயே இச்சிகிச்சையும் செல்கின்றது. தொடையின் மேற்புறத்து நாளத்தின் வழியே குழாய் இருதயத்தை அடைகின்றது. மேலறைகளுக்கு இடைப்பட்ட சுவரை நுண்ணியதாகத் துளைத்து இடப்புறஞ் செல்கின்றது. சிறு குடை போன்றதொரு கருவியை விரித்துப் பையின் வாயை அடைக்கின்றது. சில வாரங்களில் அதன்மேல் உடலின் மெல்லிய படலம் மூடிவிடும். மனிதரிடத்தே இது முதன்முதலாக 2001இல் செய்யப்பெற்றது. அமெரிக்க அரசு இத்தகையதொரு கருவிக்கு 2015இல் அனுமதி வழங்கியது.

எனினும், இஃது எல்லார்க்கும் உரிய மருந்தன்று. செலவு மிகுதி. இருதயத்தைச் சுற்றிக் குருதி கசிதல் முதலிய இடர்களும் உண்டு. சிகிச்சைக்குப் பின்னரும் சில காலம் மருந்து உட்கொள்ளல் வேண்டும். வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு இது பொருந்தாது. தக்கது எதுவென்பதை இருதய நிபுணரே முடிவு செய்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது யாது? பெற்றோரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தாளந் தப்பினால் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுப்பியுங்கள். வைத்தியர் தந்த மருந்தைத் தாமே நிறுத்த விடாதீர்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் பூசிக் காலங் கழியாமல் உடனே 1990ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து பயன்படக்கூடிய காலம் முதல் நாலரை மணி நேரமே.

ஒரு நிமிட நேரமே அன்று என் தந்தையாருக்கு வேண்டியிருந்தது. அதனை நான் கொடுக்கவில்லை. நீங்கள் உங்கள் பெற்றோருக்கு இன்றே கொடுங்கள்.